அந்தப் பாட்டிலில் இருப்பது ஏற்கெனவே உங்கள் ஆயிலில் இருக்கிறது

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 மாடல் மினி லாரி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு உரமும் சிமெண்டும் ஏற்றிப் போகிறீர்கள், இறங்கும்போது காப்பி மூட்டை. 2 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியாயிற்று. போக வர லிட்டருக்கு ஒன்பது கொடுத்த வண்டி இப்போது ஏழரை கொடுக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்ஜின் ஆயிலில் ஊற்ற ஒரு பாட்டில், டீசலில் ஊற்ற ஒரு பாட்டில், இரண்டும் சேர்த்து 1,400 ரூபாய் என்கிறார். மெக்கானிக் வேறு, சக்கர ஹப்பில் கறுப்பு கிரீஸ் போட்டால்தான் மலைக்குத் தாங்கும் என்கிறார். "இதெல்லாம் வேலை செய்யுமா, ஏமாற்றா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆயில் கம்பெனிக்காரன் எதையாவது குறை வைத்துவிட்டானா, அந்தக் குறையை இந்தப் பாட்டில் நிரப்புமா என்பதுதான் அது. நான் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். ஆயில் கலக்கும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் 12 வருடம் இருந்தேன். அப்புறம் சேலத்துக்கே திரும்பி, கொண்டலாம்பட்டியிலும் சங்ககிரியிலும் லாரி வைத்திருப்பவர்களுக்கு ஆயில், கிரீஸ் விஷயத்தில் யோசனை சொல்லியே 17 வருடம் ஓடிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. உங்கள் வண்டியைப் பார்க்கவும் இல்லை. அதனால் வண்டியைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம், ஆயிலைப் பற்றிச் சொல்வது உறுதி என்று பிரித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

டின்னில் வரும் என்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் இல்லை. முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய், மீதி எல்லாம் சேர்மானம். கரியையும் அமிலத்தையும் சமாளிக்கக் கால்சியம் அல்லது மெக்னீசியம் சேர்ந்த டிடெர்ஜெண்ட். கரித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியாக மிதக்கவிட டிஸ்பெர்சன்ட். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மம். தொழிலில் இதைச் சுருக்கமாக ஜிங்க் என்றே சொல்வோம். சூட்டில் ஆயில் நீர்த்துப் போகாமல் பிடிக்க ஒரு பாலிமர். இன்னும் ஆக்சிஜனேற்றத்துக்கு, துருவுக்கு, நுரைக்கு என்று தனித்தனியாக. நுரை அடக்கும் சிலிக்கோன் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்தில் சுமார் பத்துப் பங்கு. 210 லிட்டர் பீப்பாய்க்கு 2 மில்லி. கொஞ்சம் கூடுதலாகப் போனால் நுரை அடங்கும், ஆனால் ஆயிலுக்குள் மாட்டிய காற்று வெளியே வராது. சேர்மானம் கூடினால் நல்லது என்கிற எண்ணம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதமே எனக்குப் போய்விட்டது.

(ஒரு கிளைக்கதை: சேலம் ஜங்ஷன் தாண்டி ரயிலில் போகும்போது வெள்ளை வெளேரென்று தெரியுமே, அந்த வெள்ளைக்கல் மேக்னசைட். அதைச் சுட்டால் கிடைப்பது மக்னீசியா. மேலே சொன்ன மெக்னீசியம் டிடெர்ஜெண்டுக்கு மூலப்பொருள் அந்த மக்னீசியாதான். நம் ஊர்க் கல் பெரும்பாலும் உலைச் செங்கலுக்குப் போகிறது, அது வேறு விஷயம்.)

இந்தச் சேர்மானங்களில் பலவற்றுக்கு வேலை செய்ய வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: இரும்பின் மேற்பரப்பு. பண்டிகை நேரத்தில் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நடப்பது அதேதான். ஜிங்க், டிடெர்ஜெண்ட், உரசல் குறைக்கும் சேர்மம் எல்லாமே அந்த ஒரு சீட்டுக்குத் துண்டு போடுகின்றன. சூட்டிலும் உரசலிலும் ஜிங்க் சிதைந்து, கண்ணாடி மாதிரி ஒரு பாஸ்பேட் படலமாகப் படியும். தலைமுடித் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான் அதன் கனம். வால்வைத் திறந்து மூடும் கேமும் டாப்பெட்டும் தேயாமல் இருப்பது அதனால்தான். ஆலையில் இந்தக் கூட்டத்தை யார் யாருக்கு எத்தனை சீட் என்று கணக்குப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கலவையை உண்மையான என்ஜின்களில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் டின்னில் ஏபிஐ சிஐ-4, சிகே-4 என்று தரக் குறியீடு போட முடியும். நீங்கள் மேலே இருந்து ஒரு பாட்டிலை ஊற்றும்போது, சோதனை முடிந்த பஸ்ஸில் டிக்கெட் இல்லாத இருபது பேரை ஏற்றுகிறீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில சமயம் உட்கார வேண்டியவன் நிற்க வேண்டி வரும். அந்தப் புதுக் கலவையை யாரும் சோதித்ததில்லை என்பது மட்டும் உறுதி.

"சரி, எதிரிலேயே செய்து காட்டினார்களே" என்பீர்கள். ஆடி மாதப் பொருட்காட்சியில் நானும் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன மோட்டார், அதில் சுழலும் இரும்பு வளையம், அதன் மேல் நெம்புகோலால் அழுத்தும் ஒரு பேரிங் உருளை. சாதா ஆயிலில் அழுத்தினால் கிறீச்சென்று மோட்டார் நின்றுவிடும். பாட்டில் ஆயிலை நாலு சொட்டு விட்டால், ஆள் தொங்கினாலும் நிற்காது. கூட்டம் வாயைப் பிளக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாக வரும் பையன்களுக்கு இதே மாதிரி ஒரு கருவியில் நான் வேறொன்றைக் காட்டுவேன். கடையில் வாங்கிய பொடுகு ஷாம்பு சாஷேயைப் பிரித்து வளையத்தின் மேல் பிழிவேன். மோட்டார் நிற்காது! பொடுகு ஷாம்புவில் துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த மருந்து உண்டு. அத்துடன் தண்ணீர், உப்பு. அந்தக் கருவி அளப்பது ஒரே ஒரு விஷயத்தை: கடும் அழுத்தத்தில், சில விநாடிகளுக்கு, இரும்பும் இரும்பும் பற்றிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று. என்ஜினுக்குள் அந்த நிலைமை கேம் பக்கம் கொஞ்சம் வரும், மற்ற இடங்களில் ஆயில் படலத்தில் மிதந்துதான் ஓடுகிறது. அந்தச் சோதனையில் ஜெயித்ததால் ஷாம்புவை யாரும் என்ஜினில் ஊற்ற மாட்டோம் அல்லவா.

அந்தக் காட்சியில் பல வருடங்களாகப் பயன்பட்ட சரக்கு குளோரின் ஏற்றிய பாரஃபின். இரும்பு வெட்டும் பட்டறையில் அது நல்ல பொருள், வேலை முடிந்ததும் கழுவிவிடுவார்கள். என்ஜினில் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிரியும், பேரிங்கை அரிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் பொருளைத் தூளாக்கிக் கலந்த பாட்டில்களும் உண்டு. அது இரும்பில் ஒட்ட, தவா தயாரிக்கும் இடத்தில் சுத்தம் செய்த பரப்பும் 300 டிகிரிக்கு மேல் சூளையும் வேண்டும். ஆயிலில் மிதந்து வந்து தானாக ஒட்டாது. ஃபில்டரில் போய்ச் சேரவே வாய்ப்பு அதிகம். 1990களின் கடைசியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட சில பாட்டில்களின் விளம்பரங்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. காரணம், சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான்.

இன்னொரு வகை வெறும் கெட்டிப் பிசின். ஊற்றினால் புகை குறையும், சத்தம் குறையும், வண்டியை விற்கும்வரை தாங்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நானே பட்ட ஒன்றையும் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் என் பைக்கில், கார்களுக்கென்று வந்த உரசல் குறைக்கும் ஆயிலை, படித்தவன் என்கிற திமிரில் ஊற்றினேன். டவுனுக்குள் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஏற்காடு ஏறும்போது எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, ஆக்சிலரேட்டர் முறுக்கினால் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறங்கி நடந்தார். பைக்கில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும், அவை உரசினால்தான் சக்கரத்துக்கு வேகம் போகும். உரசலைக் குறைத்தால் கிளட்சும் வழுக்கும். அதனால்தான் பைக் ஆயிலில் ஜாஸோ எம்ஏ, எம்ஏ2 என்று தனி முத்திரை. வேதியியல் பட்டத்தை அன்றைக்கு அடிவாரம்வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

இப்போது மைலேஜ். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வண்டியும் லோடும் சேர்த்து 5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். 5 டன்னை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு ஆகும் சக்தி சுமார் 59 மெகாஜூல். டீசல் லிட்டருக்கு 36 மெகாஜூல் இருந்தாலும் என்ஜின் அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குத் தரும். ஆக, தூக்குவதற்கு மட்டுமே நாலு லிட்டருக்கு மேல். ரோட்டில் உருளவும் காற்றைக் கிழிக்கவும் ஆவது தனி. எந்த பாட்டிலும் புவியீர்ப்பைக் குறைக்காது. என்ஜினுக்குள் உரசலுக்குப் போவது எரிபொருள் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அதிலும் பெரும்பகுதி ஆயிலின் கெட்டித்தன்மையால் வருவது. சேர்மானம் தொடக்கூடிய பகுதி ரொம்பக் கொஞ்சம். நல்ல ஆயிலுக்கும் சுமாரான ஆயிலுக்கும் நடுவில் நூற்றுக்கு இரண்டு, மூன்று வித்தியாசம் வந்தாலே பெரிது. அதைப் பங்க் ரசீதையும் மீட்டரையும் வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு விழுந்திருப்பது நூற்றுக்கு பதினேழு. அந்த அளவு உரசலில் தொலைய வாய்ப்பே இல்லை. அரை டன் கூடுதலாக ஏற்றினால் மட்டுமே ஏற்றத்தில் சுமார் அரை லிட்டர் கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒன்பது கொடுத்த காலத்தில் இதே லோடுதானா?

லோடு மாறவில்லை என்றால், இனி ஊகம்: பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது) குழாயில் காற்றுக் கசிவு, வழுக்கும் கிளட்ச், இன்ஜெக்டர். இந்த வரிசையில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் முதல் மூன்றுக்கும் செலவு குறைவு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ அதை ஈடுகட்ட வேண்டும். குழாயில் கசிவு இருந்தால் சேலத்தில் தெரியாது, பன்னிரண்டாவது வளைவுக்கு மேல்தான் கறும்புகையும் திணறலுமாகத் தெரியும். உங்கள் வண்டி அப்படியா என்று கவனியுங்கள்.

டீசல் பாட்டிலை முழுக்க ஒதுக்க மாட்டேன். டீசலுக்கு உண்மையிலேயே சேர்மானம் தேவை, ஆனால் அதை சுத்திகரிப்பு ஆலையிலேயே போட்டுவிடுகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 டீசல்தான். கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம். பிஎஸ்-3 காலத்தில் 350 இருந்தது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்பும் போய்விடும், பம்ப் தேயும். அதனால் கொழுப்பு அமில வகைச் சேர்மம் ஒன்றைச் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு அளவில் கலந்து, சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகாதபடி பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். அதன் மேல் நீங்கள் டூடி (2T) ஆயில் ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்று காட்டும் சீட்டேன் எண்ணும் 51க்குக் குறையக் கூடாது என்று விதி. அதைக் கூட்டும் பாட்டில்களில் இருப்பது பெரும்பாலும் எத்தில்ஹெக்சைல் நைட்ரேட். அது காலையில் ஸ்டார்ட் ஆவதைச் சுலபமாக்கும், சத்தத்தைக் குறைக்கும். மைலேஜுக்கு அதனால் ஒன்றும் வராது. மிச்சம் இருப்பது இன்ஜெக்டர் கழுவும் டிடெர்ஜெண்ட். இங்கேதான் என் பதில் "இருக்கலாம்". நாசில் முனையில் படிந்த கரி லேசாக இருந்தால், இரண்டு மூன்று டேங்குக்கு ஊற்றிப் பார்ப்பதில் தப்பில்லை, வித்தியாசம் தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாசில் தேய்ந்திருந்தால் எந்தத் திரவமும் இரும்பைத் திரும்ப வளர்க்காது, பெஞ்சில் வைத்து ஸ்ப்ரே பார்க்க வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: புது வண்டிகளுக்கு ஊற்றும் ஆட்ப்ளூவும் ஏதோ மைலேஜ் மருந்து என்று நினைத்து டீசல் டேங்கில் ஊற்றியவர்கள் உண்டு. அது தண்ணீரில் கரைத்த 32.5 சதவீத யூரியா. புகைக்குழாய்க்கான சமாச்சாரம். டீசலில் போனால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டி வரும்.

கிரீஸ் விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் பிடித்த பாடம். கிரீஸ் என்பது சோப்புக்குள் ஊறிய எண்ணெய். பஞ்சு தண்ணீரைப் பிடிப்பது போல சோப்பின் இழைகள் எண்ணெயைப் பிடித்துவைத்து, பேரிங் சுழலும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். இன்று அதிகம் புழங்கும் லித்தியம் கிரீஸுக்கு 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அந்தச் சோப்பு பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஆமணக்கு. விளக்கெண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கிடைக்கும் கொழுப்பு அமிலத்தோடு லித்தியத்தைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நம் மாவட்டத்து மானாவாரிக் கொல்லையில் நிற்கிற செடிக்கும் உங்கள் ஹப்புக்கும் அவ்வளவு நெருங்கிய சொந்தம். அந்தக் கொழுப்பு அமிலச் சங்கிலியின் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் தொங்குகிறது, மற்ற எண்ணெய்களில் பெரும்பாலும் அது கிடையாது. அதுதான் இழைகளை இறுகப் பின்னவைக்கிறது.

நிறம் எதையும் சொல்லாது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சாயம். கறுப்பு என்றால் மாலிப்டினம் டைசல்ஃபைடாக இருக்கலாம், வெறும் கிராஃபைட்டாகவும் இருக்கலாம். நல்ல மாலிப்டினம் கிரீஸ் கிங் பின், ஷாக்கிள் பின் மாதிரி, மெதுவாக ஆடிக்கொண்டு பாரத்தைத் தாங்கும் இடங்களுக்கு அருமை. ஹப் பேரிங்குக்கு மலையில் வேண்டியது வேறு: சூடு தாங்குவது. மேலே ஏற்றியபோது செலவான அந்த 59 மெகாஜூல் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். ஒரு பீப்பாய், 200 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோக அது போதும். என்ஜின் பிரேக் இல்லாமல் காலாலேயே பிடித்து இறங்கினால், காற்றும் டயரும் தின்றது போக அத்தனை சூடும் நாலு பிரேக் டிரம்மில்தான். அடிவாரத்தில் ஒருமுறை ஒரு வண்டியின் பின் ஹப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். டிரம் உள்பக்கம் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. கிரீஸ் வெயிலில் வைத்த நெய் மாதிரி உருகி, சீலைத் தாண்டி லைனிங்கெல்லாம் பிசுபிசுவென்று. டிரைவர், பிரேக் ஆயில் லீக் என்று நினைத்திருக்கிறார். உள்ளே இருந்தது மஞ்சள் கால்சியம் கிரீஸ். அது 90, 100 டிகிரியிலேயே உருகிவிடும். சாதா லித்தியம் 180க்கு மேல், லித்தியம் காம்ப்ளக்ஸ் 250க்கு மேல் தாங்கும். உருகும் எண்ணுக்கு வெகு கீழேதான் நெடுநேரம் ஓட்டலாம் என்பதால், மலை வண்டிக்கு என் யோசனை லித்தியம் காம்ப்ளக்ஸ், கெட்டித்தன்மை எண் என்எல்ஜிஐ 2. பேரிங்கின் உருளைகளுக்குள் முழுக்கத் திணியுங்கள், ஆனால் ஹப்பின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நிறைய வைத்தால் அதுவே கடைந்து கடைந்து சூடாகும். பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்திய பிறகு புதியது போடுங்கள். களிமண் வகை, பாலியூரியா வகைக் கிரீஸ்கள் லித்தியத்தோடு கலந்தால் பல நேரம் நீர்த்து ஓடிவிடும். மெக்கானிக் சொன்ன கறுப்பு கிரீஸ் டப்பாவின் பின்பக்கம் காம்ப்ளக்ஸ் என்று இருந்தால் தாராளமாகப் போடலாம். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

கியர் ஆயிலில் ஒரு வரி. பின் அச்சில் இருக்கும் கிரவுனுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில் அவசியம். அதிலேயே மிச்சத்தை கியர் பாக்ஸிலும் ஊற்றும் பழக்கம் பட்டறைகளில் உண்டு; ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் அது பித்தளை வளையங்களைக் கெடுக்கக்கூடும். வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள்.

கடைசியாக, 1,400 ரூபாயை என்ன செய்வது என்று. புத்தகத்தில் போட்ட தரத்தில், நம்பிக்கையான கடையில், பில்லோடு ஆயில் வாங்குங்கள். காலி டின்னைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் ஓட்டை போட்டுவிடுங்கள், போலி ஆயில் அந்த டின்னில்தான் திரும்பி வருகிறது. மலை வண்டி என்பதால் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். மாற்றும் முன் ஒரு சோதனை, செலவே இல்லை. வழவழப்பில்லாத வெள்ளை அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். என்ஜின் சூடாக இருக்கும்போது ஆயில் கம்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டு, அட்டையை அடிபடாமல் ஒரு ராத்திரி விடுங்கள். கறுப்பு சீராகப் பரவியிருந்தால், டிஸ்பெர்சன்ட் இன்னும் உயிரோடு கரியைச் சுமந்துகொண்டிருக்கிறது. நடுவில் தார் மாதிரி ஒரு பொட்டு, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் என்றால் அது செத்துவிட்டது, அன்றைக்கே மாற்றுங்கள். ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் பெரும்பாலும் டீசல் அதில் இறங்குகிறது என்று அர்த்தம், இன்ஜெக்டர் சந்தேகம் வலுக்கும். பக்கத்திலேயே புது ஆயிலில் ஒரு சொட்டு வைத்து, இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடிய ஆயில் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.